தங்கமுத்து வாசித்த இடம்

தங்கமுத்துவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதைக் கண்டல்முனையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் தங்கமுத்துதான். அதற்கு அவளுக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. அதுவரை இருபது வருடமாக, ஞாயிறு தவறாமல், அந்த ஊர்ச் சபைக்கு வேதப்புத்தகம் வாசித்தவளும் அவள்தான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் ஊரை ஏய்த்தாள் என்று மட்டும் யாரும் வாயெடுக்க வேண்டாம். ஏய்க்கிறவருக்குத் தான் ஏய்ப்பது தெரிந்திருக்கும். தங்கமுத்துவுக்கு அது தெரியாது. அவள் வாசிக்கக் கேட்டிருந்த பதினொரு வீட்டுச் சனத்துக்கும் தெரியாது.

கண்டல்முனை இலங்கையின் கிழக்கில், மூதூருக்குத் தெற்கே, வெருகல் ஆறு கடலில் விழும் பக்கமாக இருக்கிற சின்னக் கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய களப்பும் கண்டல் காடும். ஆண்கள் வலை வீசுவார்கள். காலம் வந்தால் காட்டுக்குப் போய்த் தேன் எடுப்பார்கள். பெண்கள் களப்பில் மட்டி பொறுக்குவார்கள், கருவாடு போடுவார்கள், காடு வெட்டிய சேனையில் சோளன் நடுவார்கள். விடியற்காலையில் களப்பிலிருந்து எழும் பனிப்புகார் வீடுகளை மூடிவிடும். கூரைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் உரக்கக் கதைப்பதில்லை. ஏனென்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது, அப்படிப் பழகிவிட்டது.

பாட்டன்மார் காலத்தில் மிசன்காரர் வந்து ஞானஸ்நானம் கொடுத்து, ஓர் ஓலைக் கோவிலும் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னம் அந்தச் சனத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை கடற்கரையில் பந்தல் போட்டு, முன்னோருடைய பிரம்பை ஒருவர் கையில் கொடுப்பார்கள். பிரம்பைப் பிடித்தவருக்கு வாக்கு வரும். ஊர் வாய் பொத்திக் கேட்கும். வாக்கு அவருடையது இல்லை, பிரம்போடு வருவது. மிசன் வந்ததும் பிரம்பு போய்விட்டது. ஆனால் கையில் பிடித்தவருக்கு வாக்கு வரும் என்ற எண்ணம் எங்கே போகும்? அது சத்தம் போடாமல் புத்தகத்துக்கு மாறிக்கொண்டது.

தங்கமுத்து முத்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில், மாதம் ஒருமுறை ஓர் உபதேசியார் வேதம் வாசிக்க மணலில் நடந்து வருவார். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. தங்கமுத்து ஆக்கிக் கொடுக்கும் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தை விரித்துப் பிடித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டி, நெஞ்சில் இருந்ததை எல்லாம் ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார். புத்தகம் சில நாள் தலைகீழாகவும் இருந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்த தங்கமுத்து, வாசிப்பது என்றால் இதுதான் என்று விளங்கிக்கொண்டாள். கேட்கவேண்டும், கேட்டது உள்ளே போய் இருக்கும், பிறகு புத்தகத்தை விரித்துப் பிடித்தால் அது வரும். எழுத்துகள் எதற்கு என்று அவள் யோசித்ததே இல்லை. பாய் இழைத்தால் அதில் கோலம் போடுவதில்லையா, அப்படி என்று விட்டுவிட்டாள்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு உபதேசியார் ஒரு முறை வந்தபோது, தூக்க ஏலாமல் இருக்கிறது என்று புத்தகத்தை அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவர் வரவில்லை, அவர் செத்துப்போன செய்திதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சனம் கோவிலில் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னட்டத்தானே கிடக்கு. நீ எடுத்து வாசியன்," என்றான் முத்தன்.

அவள் எடுத்து விரித்தாள். வந்தது. முதல் மனிதன் மண்ணால் ஆனது வந்தது, கடல் இரண்டாகப் பிரிந்தது வந்தது, மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பிறந்தது வந்தது. அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் புத்தகத்தைப் பிடித்தால் அவள் கண் பாதி மூடிவிடும், காற்றில் ஓலை அசையும் சத்தத்தோடு அவள் குரலும் சேர்ந்துவிடும், கேட்கிறவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். திருகோணமலையிலிருந்து போதகர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் தன்னுடைய புத்தகத்தைத் தானே கொண்டுவந்து வாசித்துவிட்டுப் போவார். ஒருமுறை அவள் சொல்லக் கேட்டுவிட்டு, "நல்லா மனசில வைச்சிருக்கிறீங்கள்," என்று பாராட்டினார். நல்லாக வாசிக்கிறீர்கள் என்று சொல்கிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு இரண்டு நாள் இருக்க, சூறாவளி அடித்தது. கடலும் களப்பும் ஒன்றாகிவிட்டன. பக்கத்து வீட்டு யோகமலர் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மிஞ்சி இருந்தது வீரக்குட்டி என்ற ஐந்து வயதுப் பொடியன் ஒருவன்தான். தண்ணீர் அவனை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவள் கரையில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை. சோறு கொடுத்தால் வாயில் வைத்தபடி மறந்துவிடுவாள். இவளும் போய்விடுவாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அந்த ஞாயிறு கோவில் இல்லை, கூரை பறந்துவிட்டது. தங்கமுத்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் யோகமலருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். என்ன வாசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ ஓர் இடத்தை விரித்தாள். அதுவும் வந்தது.

விடியும் முன்னம் ஆண்டவர் கரையோரமாக நடந்து வருகிறார். ஈர மணலில் சின்னப் பாதங்கள் கடலுக்குள் போயிருக்கின்றன, திரும்பி வரவில்லை. ஆண்டவர் யாரையும் எழுப்பிக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறார். தண்ணீர் முழங்கால் வரை வருகிறது, இடுப்பு வரை வருகிறது, அதற்கு மேலே வரவில்லை. அடியிலே ஒரு பிள்ளை சிப்பி வைத்து விளையாடிக்கொண்டு இருக்கிறான். "வா மோனே, போவம்," என்று தூக்கித் தோளில் வைத்து, காதுக்குள் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, மற்றக் கரைக்கு நடக்கிறார். அங்கே நெருப்பு மூட்டியிருக்கிறது, மீன் சுட்டிருக்கிறது. "அம்மா எங்க?" என்று பிள்ளை கேட்கிறான். "அம்மா வருவா. அவவுக்கு அங்க இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு," என்கிறார் ஆண்டவர்.

வாசித்து முடித்தபோது தங்கமுத்துவுக்கே உடம்பு புல்லரித்தது. அப்படி ஓர் இடம் புத்தகத்தில் இருப்பது அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

யோகமலர் கடலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "என்ன வேலையாம் அக்கா?" என்று கேட்டாள். யோகமலர் எழும்பிப் போய் முகம் கழுவினாள். அன்று பின்னேரம் அவள் சோறு சாப்பிட்டாள். அந்த இடத்தில் தங்கமுத்து ஒரு மெல்லிய சிப்பி ஓட்டை அடையாளமாக வைத்தாள். பிறகு வருடா வருடம், நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம், யோகமலர் வந்து பாயில் இருப்பாள். தங்கமுத்து சிப்பி ஓடு இருந்த பக்கத்தை விரித்து அந்த இடத்தை வாசிப்பாள். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் யோகமலர் மற்ற நாள்களைத் தள்ளினாள்.

எழுபத்திரண்டில் அரசாங்கம் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது. அதற்கு வந்த வாத்தியார் நல்ல மனுஷன், பின்னேரத்தில் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். தங்கமுத்துவையும் கூப்பிட்டார். "எனக்கென்னத்துக்குத் தம்பி? நான் வாசிக்கிறனான்தானே," என்று அவள் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். யோகமலர் போனாள்.

"ஏன் யோகமலர், இந்த வயசில?"

"அந்த இடத்தை என்ர கண்ணால ஒருக்காப் பாக்கவேணும் அக்கா. விரல் வைச்சுப் பாக்கவேணும்."

எட்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் யோகமலர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். தங்கமுத்து சந்தோசமாகப் புத்தகத்தை எடுத்துச் சிப்பி ஓடு இருந்த பக்கத்தை விரித்து அவள் மடியில் வைத்தாள். யோகமலர் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தாள். திரைச்சீலை. அதன் நீளம் இத்தனை முழம். அகலம் இத்தனை முழம். அதற்குக் கொளுவி இத்தனை, வளையம் இத்தனை. பக்கம் முழுக்க ஒரு கூடாரம் கட்டுகிற கணக்கு.

"இஞ்ச இல்ல அக்கா," என்றாள் யோகமலர்.

"நல்லாப் பார். திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள். அதே முழம், அதே வளையம். தங்கமுத்து நத்தார் வாசிப்புக்கு மயிலிறகு வைத்திருந்த பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். அதில் யாரோ ஒரு ராசாவின் படையில் எத்தனை பேர் என்று இருந்தது. மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னாள். எழுத்து ஒவ்வொரு முறையும் அதே சொல்லைத்தான் கொடுத்தது. யார் பிடித்தாலும், என்ன நினைத்துக்கொண்டு பிடித்தாலும், அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்குள் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது அந்த நிமிசம் அவளுக்கு விளங்கியது. அப்படியென்றால் இருபது வருடமாக வந்தது என்ன? யாருடைய வாயிலிருந்து வந்தது?

உபதேசியாரிடம் கேட்டது எல்லாம் புத்தகத்தில் எங்கேயோ இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யோகமலருடைய இடத்தை அவள் உபதேசியாரிடம் கேட்டதே இல்லை.

"அடையாளம் மாறிப் போச்சாக்கும். புத்தகம் பெரிசுதானே, எங்கயும் இருக்கும். நான் முதல்ல இருந்து தேடுறன் அக்கா," என்றாள் யோகமலர்.

தங்கமுத்து வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவள் செய்த பிழை, அதற்கு முன்னம் செய்தது ஒன்றும் பிழையில்லை. யோகமலர் அதன்பிறகு நாள்தோறும் வேலை முடிந்து வந்து, தங்கமுத்து வீட்டு வாசலில் இருந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போகும். உலகத்தைத் தண்ணீர் மூடிய இடம் வந்தபோது, செத்துப்போன பிள்ளைகளை நினைத்து இரண்டு நாள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். ஒவ்வொரு நாளும் புத்தகத்தை மூடும்போது, "இன்னும் வரேல்ல அக்கா," என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தங்கமுத்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சொன்னால் யோகமலர் மறுபடி அந்தக் கரையில் போய் உட்கார்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வரை தேடி, அங்கே போய் விழுவாள்.

ஆவணி மாதம் கருவாட்டுக் கட்டோடு மூதூருக்குப் போன தங்கமுத்து, வழக்கமாகக் கருவாடு வாங்குகிற ஜெமீலா ராத்தாவின் வீட்டில் களைத்துப்போய் உட்கார்ந்தாள். ஜெமீலா அயலில் உள்ள பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவள்.

"என்ன புள்ள, மொகம் வாடிக் கெடக்கு?" என்றாள் ஜெமீலா.

"ராத்தா, நீங்கள் ஓதுறதில உங்கட சொல்லு ஏதும் கலந்து போச்செண்டா என்ன செய்வீங்கள்?"

ஜெமீலா தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அதெப்படிப் புள்ள கலக்கும்? அதில பாதிக் கருத்து எனக்கு வெளங்கா. ஆனா ஒரு எழுத்தக் கூட்டவும் ஏலா, கொறைக்கவும் ஏலா. வெளங்காட்டியும் அப்படியே வெச்சிருக்கோணும். நம்மட சொல்லுக்கு வேற எடம் இருக்குத்தானே." அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

தங்கமுத்து அன்று ஊருக்குத் திரும்பவில்லை. நேரே இறங்குதுறைக்குப் போய்த் திருகோணமலை லாஞ்சியில் ஏறினாள்.

போதகர் இரத்தினசிங்கம் மிசன் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் எண்ணெய். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்; அவள் நின்றபடியே கேட்டாள்.

"ஐயா, இந்த வேதப்புத்தகம் எங்கயிருந்து வந்தது?"

"யாழ்ப்பாணத்தில இருந்து பெட்டியில வந்தது," என்றார் சிரித்துக்கொண்டு. அவள் சிரிக்கவில்லை. அவர் சங்கிலியைக் கீழே வைத்தார்.

"முதல்ல புத்தகமே இல்லை அம்மா. வாய்தான். ஆடு மேய்ச்ச சனம் நெருப்பைச் சுத்தி இருந்து, கடவுள் எங்களுக்கு இப்பிடிச் செய்தார் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுவினம். பிள்ளையள் தங்கட பிள்ளையளுக்குச் சொல்லுவினம். அப்பிடிக் கனகாலம் போனபிறகுதான் ஆரோ தோலில எழுதிச்சினம். ஒரு ஆளில்லை. ராசா எழுதினார், மாடு மேய்ச்சவர் எழுதினார், வைத்தியர் ஒருத்தர் எழுதினார். ஆயிரம் வருசத்துக்கு மேல எழுதிக்கொண்டே இருந்திருக்கினம். ஆண்டவர் தன்ர கையால ஒண்டும் எழுதி வைக்கேல்ல. ஒருக்கா மண்ணில விரலால எழுதினார், அதில என்ன இருந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"வாய்க்கதையோ அப்ப?" என்றாள் அவள். குரலில் ஆசை தெரிந்தது.

"வாய்க்கதைதான். அவரைக் கண்ட ஆக்கள் ஒவ்வொருத்தராச் சாகத் தொடங்க, இது அழிஞ்சுபோகும் எண்டு பயந்து எழுதிச்சினம். வேற ஆக்களும் எழுதிச்சினம். அவர் சின்னப்பிள்ளையா இருக்கேக்க மண்ணில குருவி செய்து பறக்க விட்டாராம், அப்பிடி வடிவான கதையளும் இருக்கு. அதுகளைச் சேர்க்கேல்ல."

"ஏன்? கெட்ட கதையளோ?"

"கெட்டதெண்டில்ல. கண்ட ஆக்களிட்ட இருந்து வந்ததெண்டு சொல்ல ஏலாமப் போச்சு. எது உள்ளுக்க இருக்கெண்டா, ஊர் ஊரா இருந்த சபையள் கனகாலம் வாசிச்சு, அதைப் பிடிச்சுக்கொண்டு வாழ்ந்து, அதுக்காகச் செத்தும் பாத்து, இதுதான் எங்களைத் தாங்கினது எண்டு சொன்னதுகள்தான் இருக்கு."

"அது கடவுள் சொன்னதோ, மனிசர் சொன்னதோ?"

"ரெண்டும். மனிசற்ற வாயால கடவுள் சொன்னது."

"அப்ப என்ர வாயால சொல்லமாட்டாரோ?"

போதகர் கந்தைத் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தங்கமுத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிரம்பிலிருந்து தொடங்கி, இப்போதுதான் அவளுக்கு விளங்கிய உபதேசியாருடைய கண், யோகமலருடைய பிள்ளை, முழக்கணக்கு எல்லாம் சொன்னாள். அந்த இடத்தையும் முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். சொல்லி முடித்தபோது போதகர் மறுபக்கம் திரும்பி நின்றார்.

"இது அதில இல்லை அம்மா."

"சரியாத் தேடிப் பாத்தீங்களோ?"

"தேடத் தேவையில்லை. இல்லை."

பிறகு அவர் அவளுக்கு முன்னால் வந்து, முற்றத்து மண்ணிலேயே குந்தினார். "உங்களுக்குள்ளால அவர் சொல்லமாட்டார் எண்டு சொல்ல நான் ஆர்? ஆனா நீங்கள் கருவாடு நிறுக்கிற ஆள்தானே. தராசில வைக்கிற படிக்கல்லை நாங்களே செய்து வைக்கலாமோ? புத்தகம் படிக்கல்லு. நீங்கள் சொல்லுறதும் நான் பிரசங்கம் பண்ணுறதும் நிறுக்கவேண்டிய சாமான். நீங்கள் சொன்ன ஆண்டவர் நல்லாத்தான் நிறை நிக்கிறார், எனக்கு அதில சந்தேகமில்லை. ஆனா அவ அதைப் படிக்கல்லு எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

"சொன்னா அவ செத்துப்போவா ஐயா."

"ஒவ்வொரு பக்கமாத் தேடுறா எண்டியள். எவ்வளவு நாளைக்குத் தேட விடப்போறியள்?"

திரும்பி வரும் லாஞ்சியில் அவள் பின்பக்கம் இருந்தாள். கொட்டியாரக் குடாவில் அலையே இல்லை. சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் வெள்ளையாக நின்று, மெல்ல மெல்லக் கரைந்து, இல்லாமல் போயின. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். லாஞ்சி எதன்மேல் போகிறது என்று தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு பிள்ளை சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதும் தெரிந்தது. புத்தகம் அப்போது அவள் கையில் இல்லை, வீட்டில் இருந்தது. அப்படியிருந்தும் தெரிந்ததே என்று அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று எலுமிச்சங்காய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அடுத்த நாள் யோகமலர் வந்து புத்தகத்தை விரிக்கு முன்னமே தங்கமுத்து சொல்லிவிட்டாள்.

"அது அதில இல்லை யோகமலர். நான் சொன்னது. எனக்கு வாசிக்கத் தெரியாது."

யோகமலர் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. "அப்ப என்ர பிள்ளை எங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை, வழி கேட்கிறவள்போலக் கேட்டாள். "எட்டு வருசம்," என்றாள் யோகமலர். "எட்டு வருசம் நான் அந்தக் கரையில நெருப்பு எரியுதெண்டு நினைச்சுக்கொண்டு படுத்தனான்." அவள் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினாள். "இது இனி என்னட்ட இருக்கட்டும்."

அந்த ஞாயிறு தங்கமுத்து சபைக்கு முன்னால் எழும்பி, தனக்கு எழுத்துத் தெரியாது என்று சொன்னாள். சனத்துக்கு அது பெரிதாக ஏறவில்லை. "அதுக்கென்ன, வருகுதுதானே, சொல்லு," என்று முத்தனே சொன்னான். அவள் மாட்டேன் என்று பாயின் கடைசி வரிசையில் போய் இருந்துவிட்டாள். எண்பத்தொன்றாம் ஆண்டு சாகும் வரைக்கும் ஞாயிறுகளில் அவள் இருந்த இடம் அதுதான். அன்றிலிருந்து யோகமலர் வாசித்தாள். தட்டித் தடவி, ஒரு வரியில் மூன்று இடத்தில் நின்று, எழுத்தை நெரித்து நெரித்து வாசித்தாள். அவள் ஒரு சொல்லில் சிக்கி நிற்கும்போது, அந்தச் சொல் தங்கமுத்துவின் நாக்கு நுனியில் வந்து நிற்கும். உபதேசியார் சொன்ன அதே சொல். அவள் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பாள். யோகமலரே கண்டுபிடித்துச் சொல்லும்போது, அட, இது உண்மையாகவே அங்கே இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோசப்படுவாள்.

யோகமலர் அவளோடு கதைக்கவில்லை. கிணற்றடியில் கண்டால் வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அந்த மார்கழியில், நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம், தங்கமுத்து பாயை விரித்துவிட்டுப் பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. பாயைச் சுருட்டி வைத்தாள். ஆனால் யோகமலர் கரையில் போய் உட்காரவும் இல்லை. தன் வீட்டு வாசலில் இருந்து வாசித்து, முழக்கணக்கு முடிந்து, நாடு பிடித்த சண்டைகள் முடிந்து, ராசாக்களின் கதைக்கு வந்திருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று இப்போது அவளுக்கே தெரியாது, ஆனால் விரலை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் மாரி தொடங்குகிற நேரம். மழைக்கு முன்னம் கருவாட்டை அள்ளிவிடவேண்டும் என்று தங்கமுத்து அவசரமாகப் பாயில் குனிந்து நின்றாள். யோகமலர் வந்து பாயின் மற்ற ஓரத்தில் இருந்தாள். மடியில் புத்தகம், ஒரு பக்கத்தில் விரல்.

"ஒரு ராசா இருக்கிறார் அக்கா," என்றாள், நேற்றும் கதைத்தவள்போல. "அவற்ற பிள்ளைக்குச் சுகமில்லை. ஏழு நாள் சாப்பிடாம நிலத்தில கிடக்கிறார். பிள்ளை செத்துப்போச்சு. செத்தது தெரிஞ்சதும் எழும்பி முழுகிச் சாப்பிடுறார். என்னெண்டு சாப்பிடுறியள் எண்டு சனம் கேக்குது. அதுக்கு அவர் சொல்லுறார், அவன் இனி என்னட்டத் திரும்பி வரமாட்டான், நான்தான் அவனட்டப் போவன் எண்டு."

தங்கமுத்து நிமிரவில்லை.

"இது இதில இருக்கக்கா. நான் மூண்டு தரம் வாசிச்சன், மாறேல்ல." யோகமலருடைய கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "வருவான் எண்டு இதில இல்லை. நான் போவன் எண்டுதான் இருக்கு. உங்கட கதையிலயும் நான்தானே போறன்."

கடல் பக்கமிருந்து முதல் தூறல் வந்து கருவாட்டின்மேல் விழுந்தது. இருவரும் அதை அள்ளவில்லை.

"உங்கள்ல எனக்குக் கோபம்தான். அது இன்னும் போகேல்ல," என்றாள் யோகமலர். "ஆனா ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா. இதை மூடிப்போட்டுச் சொல்லுங்கோ."

அவளே புத்தகத்தை மூடி, நனையாமல் சீலைத் தலைப்பால் சுற்றித் தன்னோடு வைத்துக்கொண்டாள். தங்கமுத்து பாயில் உட்கார்ந்து கையைத் துடைத்தாள். பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு கையும் மடியில் கிடந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு, முதல்முறையாகத் தன் சொல்லைத் தன் சொல்லாகவே சொல்லத் தொடங்கினாள்.